மெட்டி துடுப்புக்குள் இருந்தது: வோஷிங் மெஷினுக்குள் போன சாமானை எடுப்பது எப்படி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டின் பின்தாழ்வாரத்தில் இரண்டு வோஷிங் மெஷின்கள் நிற்கின்றன. முன்பக்கம் கதவு வைத்தது ஒன்று, ஏழு கிலோ. மேலே மூடி திறக்கிறது மற்றது, பத்து கிலோ. கடற்கரையோரத் தங்குமிடங்கள் ஐந்தாறின் துவாயும் படுக்கை விரிப்பும் எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. சித்திரை கழிந்து கடல் அடங்கியதும் சனம் வரத் தொடங்கும். புரட்டாதி வரைக்கும் இரண்டு மெஷினுக்கும் ஓய்வில்லை. விரிப்போடு சேர்த்து, வந்து தங்கியவர்களின் உடுப்பும் வரும். கடலில் குளித்துவிட்டு வந்தவர்களின் காற்சட்டைப் பையில் என்னென்ன இருக்கும் என்று என்னைக் கேளுங்கள். ரூபாய்க் குற்றி, அறைத் திறப்பு, கொண்டை ஊசி, லைட்டர், சோகி. புறாத்தீவில் பொறுக்கிய பவளத் துண்டும் ஒருமுறை வந்தது. அந்தத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்துவரக் கூடாது. எடுத்தவர் அங்கே தப்பிவிட்டார், அந்தத் தண்டனையை என் மெஷினின் பம்ப் அனுபவித்தது.

பைகளைப் பிரட்டிப் பார்த்துத்தான் போடுகிறோம். என்னோடு வேலை செய்கிற கிண்ணியாப் பிள்ளைக்குக் கழுகுக் கண். அப்படியும் போகும்.

போன ஆவணியில் போனது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மெட்டி. கல்யாணமாகி மூன்று மாதம். கால் விரல் வீங்கியதால் கழற்றி உடுப்புப் பையில் போட்டவள், அந்த உடுப்பையே எங்களிடம் தந்துவிட்டாள். "மாமி காணுறதுக்கு முதல் எடுத்துத் தாங்க அக்கா" என்று நின்று அழுதாள். டவுனிலிருந்து திருத்துகிறவர் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், டிரம்மை ஒரு தரம் சுழற்றினார், அது டிரம்முக்கும் அதைச் சுற்றியுள்ள வெளித்தொட்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டது, முழுக்கக் கழற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார். வந்து பார்த்ததற்கு மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவரை அனுப்பிவிட்டு அண்ணாவைக் கூப்பிட்டேன்.

அண்ணா மெஷின் திருத்துகிறவர் இல்லை. சல்லி என்ற ஊரில் வள்ளங்களின் என்ஜின் பார்க்கிறவர். அவர் திருப்புளியைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றச் சொன்னார், பக்கத்தில் ஓடிய மின்விசிறியையும் நிற்பாட்டச் சொன்னார். பிறகு கதவடியில் குந்தியிருந்து, கையாலே டிரம்மை மெதுவாக, மிக மெதுவாகச் சுழற்றினார். "தங்கச்சி, ஒரு சுத்துக்கு ஒருக்காத்தான் கிணிங் எண்டுது. அதும் இந்தத் துடுப்பு மேல வரக்குள்ள மட்டும்" என்றார். டிரம்மின் உள்பக்கத்தில் துணியைத் தூக்கிப் போடுவதற்கு மூன்று மேடுகள் இருக்கும் அல்லவா, அவற்றைத்தான் அவர் துடுப்பு என்கிறார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அந்தத் துடுப்பில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றினோம். மெட்டி அதன் வயிற்றுக்குள் கிடந்தது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்: சாமான் எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்கும்வரை ஒரு திருகாணியிலும் கை வைப்பதில்லை.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். சுவிட்சை நிற்பாட்டினால் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். கதவுப் பூட்டு விடுபட இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், இழுத்து உடைக்க வேண்டாம். சுடுதண்ணீரில் ஓட்டியிருந்தால் ஆறவிடுங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றலாம். 60 பாகையில் ஓடிய மெஷினின் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல.

இப்போது டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். ஒரே துடுப்பு மேலே வரும்போது மட்டும் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டால், சாமான் அந்தத் துடுப்புக்குள். துடுப்புக்கும் டிரம்முக்கும் நடுவில் விரல்நகம் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும், சின்னச் சாமானுக்கு அது போதும். டிரம்மின் எந்தப் பக்கம் வந்தாலும் சத்தம் மட்டும் எப்போதும் அடியிலிருந்தே, சர்ர் என்று உரசிக் கேட்டால், அது டிரம்முக்கு வெளியே, தொட்டியின் அடியில் கிடக்கிறது. கறகற என்று கீறுகிற சத்தமும், சுழற்றும் கைக்கு ஒரு பிடிப்பும் தெரிந்தால் டிரம்மின் ஓட்டையில் கம்பியோ ஊசியோ குத்திக்கொண்டு நிற்கிறது. கையால் சுழற்றும்போது ஒன்றும் கேட்காமல், ஓடும்போது அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிற நேரத்தில் மட்டும் கடகடத்தால் சாமான் பம்பில்.

இன்னொரு சத்தமும் உண்டு. பிழியும்போது மட்டும் விமானம் எழும்புவதுபோல ஒரு இரைச்சல். வெறும் டிரம்மைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். வெளித்தொட்டியோடு சேர்ந்து ஆடினால் பயமில்லை. தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதற்குள் சாமான் தேடிப் பிரயோசனம் இல்லை, அது வேறு வேலை.

முன்கதவு மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். அதன் மடிப்பை விரலால் விரித்து, அடிப்பக்கத்தில் டோர்ச் அடியுங்கள். கொண்டை ஊசி, குற்றி, குழந்தையின் காலுறை எல்லாம் அங்கே ஒதுங்கியிருக்கும். எங்களுக்கு ஒரு பிடி மணலும் சேர்ந்து கிடக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஊசி குத்தும். கத்தி, திருப்புளி எதையும் அந்த ரப்பரில் பாவிக்க வேண்டாம். ஒரு சின்னக் கிழிசல் போதும், பிறகு ஒவ்வொரு தடவையும் தரை நனையும்.

அடுத்தது பம்பின் ஃபில்டர். என் அனுபவத்தில் காணாமல் போனவற்றில் பாதிக்குமேல் இங்கேதான் கிடைத்திருக்கிறது. வெளித்தொட்டியில் விழுந்தவை தண்ணீரோடு அடிக்குழாய் வழியாக வந்து இங்கே நிற்கும். மெஷினின் முன்பக்கம், கீழே, பெரும்பாலும் வலதுபுறம் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் ஒரு வட்ட மூடி. அவசரப்பட்டு அதைத் திருகிவிடாதீர்கள். உள்ளே மூன்று நான்கு லீற்றர் தண்ணீர் நிற்கலாம். முதல் தடவை நான் திருகியபோது தாழ்வாரமே கோணேசர் கோயிலடிக் கடலாகிவிட்டது.

பழைய துவாய் ஒன்றைத் தரையில் விரியுங்கள். ஆழமில்லாத தட்டம் ஒன்றை மூடிக்கடியில் செருகுங்கள். பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று செருகியிருந்தால் அதன் அடைப்பை எடுத்து முதலில் அதனால் வடியுங்கள். அது இல்லாத மெஷினில் மூடியை இடதுபக்கமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, தட்டம் நிறைந்ததும் இறுக்கி, ஊற்றிவிட்டு வந்து மறுபடி தளர்த்துங்கள். வடிகிற தண்ணீரை அப்படியே வெளியே ஊற்றிவிடாமல் ஒரு தேத்தண்ணி வடியினூடாக ஊற்றுங்கள். மூக்குத்திச் சுரை போன்ற பொடிச் சாமான் தண்ணீரோடு போய்விட்டால் பிறகு முற்றத்து மணலில் எங்கே தேடுவது?

மூடி வெளியே வந்ததும் அதில் சுற்றியிருக்கும் நூல், மயிர், பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்னால் சின்ன விசிறி மாதிரி ஒன்று தெரியும். விரலால் சுற்றினால் விட்டுவிட்டு, துள்ளித் துள்ளிச் சுற்றும். பழுது என்று பயப்பட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் பலவற்றில் அப்படித்தான். சுற்றவே மறுத்தால் அதன் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. பவளத் துண்டு இருந்தது அந்த இடத்தில். நீண்ட மூக்குக் குறட்டால் எடுத்தேன். மூடியைத் திரும்பப் போடுகையில் அதன் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கடற்கரைக்காரருக்கு இது முக்கியம், ஒரு மணி மணல் இருந்தாலும் கசியும்.

ஓட்டையில் குத்தி நிற்கும் கம்பிக்கு வருகிறேன். பெரும்பாலும் அது பெண்களின் உள்ளாடைக் கம்பி, அல்லது விரிந்துபோன கொண்டை ஊசி. உள்பக்கம் ஒரு நுனி தெரிந்தால் குறட்டால் பிடித்து, வந்த வழியே நேராக இழுங்கள். வளைத்து இழுத்தால் வெளிப்பக்கத்து நுனி தொட்டியைக் கிழிக்கும். தொட்டி பிளாஸ்டிக். நுனி உள்ளே தெரியவில்லை என்றால் டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, உரசல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாக டோர்ச்சால் பாருங்கள். பொறுமை வேண்டும். கம்பி குத்தி நிற்கிறது என்று தெரிந்தபிறகு ஒரு தடவைகூடப் பிழிய விடாதீர்கள். ஒரு நிமிடத்தில் ஆயிரம் சுற்றுச் சுற்றுகிற டிரம்மில் அது கம்பி இல்லை, கத்தி.

சாமான் டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் கிடந்து, ஃபில்டருக்கும் வந்து சேரவில்லை என்றால்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அதற்கும் துடுப்புதான் வழி. சில மெஷின்களில் துடுப்பு ஒரு திருகாணியில் நிற்கும். சிலவற்றில் ஓட்டையினூடாக வளைந்த கம்பியை விட்டு உள்ளேயிருக்கும் நாக்கை அமத்திக்கொண்டு, துடுப்பை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ள வேண்டும். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் அல்லது அதே மாதிரி மெஷினைக் கழற்றுகிற காணொளியில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பலவந்தம் செய்தால் பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிடும். துடுப்பைக் கழற்றினால் அதன் கீழே டிரம்மில் பெரிய துவாரம் இருக்கிற மெஷின்களும் உண்டு. அந்தத் துவாரத்தை நேர் கீழே வரும்படி திருப்பினால் தொட்டியின் அடி தெரியும். எங்களுடையது அப்படித்தான்.

அந்தத் துவாரத்தால் எடுக்க அண்ணா செய்து தந்த கருவி ஒன்று வைத்திருக்கிறேன். பழைய டிவிடி பிளேயரில் கழற்றிய சின்னக் காந்தம், மீன் பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டியது. காந்தம் சில டிரம்களின் தகட்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதைச் சுற்றிச் சைக்கிள் டியூப் துண்டு போட்டு, அடி முகம் மட்டும் வெளியே தெரிய விட்டிருக்கிறார். ஊசி, இரும்புத் திறப்பு, ஆணி எல்லாம் தூண்டிலில் மீன் வருவதுபோல வரும். குற்றிகளில் சில ஒட்டும், சில ஒட்டாது. சில நாள் காந்தம் முழுக்கக் கருமணல் தாடி முளைத்து வரும். புல்மோட்டையில் இல்மனைட் என்கிற கருமணல் எடுக்கிற கரையும் எங்கள் மாவட்டம்தானே, மணலுக்குள் இரும்பு இருக்கிறது.

தங்கம், வெள்ளி, பித்தளை எதையும் காந்தம் தொடாது. அவற்றுக்கு ஈர்க்கு நுனியில் மென்று துப்பிய சுவிங்கம். அருவருப்பாக இருந்தால் மாவு பிசைந்து ஒட்டலாம், ஆனால் சுவிங்கம்தான் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனம், தொட்டி ஈரமாக இருந்தால் அதுவும் ஒட்டாது. கதவைத் திறந்துவைத்து ஒரு இரவு காயவிட்ட பிறகு செய்யுங்கள். வாக்கியூம் கிளீனர் இருப்பவர்கள் குழாய் வாயில் பழைய நைலோன் காலுறையைக் கட்டிக்கொண்டு உறிஞ்சிப் பார்க்கலாம். அதற்கும் தொட்டி காய்ந்திருக்க வேண்டும்.

துடுப்பு வழி கைகொடுக்காவிட்டால் இரண்டு வாசல் மீதி. ஒன்று, தொட்டியின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர்க் குழாய். அதன் வளையத்தைத் தளர்த்திக் கழற்றினால், குழாய் வாயில் சிக்கி நின்றது பொத்தென்று விழும். ஆனால் அதற்கு மெஷினைச் சரிக்க வேண்டும். முன்கதவு மெஷின் ஒன்று அறுபது, எழுபது கிலோ வரும், ஆட்டத்தை அடக்க உள்ளே கொங்கிறீற் கட்டி வைத்திருக்கிறார்கள். தனியே சரிக்காதீர்கள். மற்றது, தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் நிற்கிற துவாரம். நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தி, அந்தத் தண்டை உள்ளே தள்ளி, ஹீட்டரை ஆட்டி ஆட்டி இழுத்தால் தொட்டியின் அடியில் நல்ல வாசல் கிடைக்கும். வயர்களைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். நான் இதை அண்ணா இல்லாமல் செய்வதில்லை. ஹீட்டரின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் கரண்ட் போகிற இடத்திலேயே தண்ணீர் கசியும், அது விளையாட்டு இல்லை. உத்தரவாதக் காலம் முடியாத மெஷினென்றால் இந்த இரண்டு வாசலையும் தொடாமல், விற்ற இடத்துக்கே சொல்லுங்கள். திருத்துகிறவரைக் கூப்பிட்டாலும் எந்தச் சத்தம் எங்கே கேட்கிறது என்று நீங்களே சொல்ல முடிந்தால் முழுக்கக் கழற்ற வேண்டும் என்ற கதை அவ்வளவு சுலபமாக வராது.

மேலே மூடி திறக்கும் மெஷின் இதைவிடச் சுலபம், ஒரு திருகாணி மனம் வைத்தால். தொட்டியின் அடியில் சுழல்கிற தட்டு இருக்கும். அதன் நடுவில் ஒரு மூடி அல்லது நேரே ஒரு திருகாணி. அதைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் கீழே ஒரு உலகமே இருக்கும். முதல் தடவை நான் தூக்கியபோது எண்பத்தேழு ரூபாய்க்குக் குற்றிகள், இரண்டு பொத்தான், பேனை மூடி, ஒரு சிரட்டை மணல். தொல்லை என்னவென்றால் எங்கள் கடற்காற்று. உப்புவெளி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. திருகாணி துருப்பிடித்து இறுகியிருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியை எடுங்கள், சின்னதைப் போட்டுத் திருகித் தலையை மழுக்கிவிட்டால் ஒரு நாள் போய்விடும். துரு இளக்குகிற எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். திருப்புளியை வைத்து அதன் பிடியில் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள்.

திருகாணி வந்தும் தட்டு வராமல் அடம்பிடிக்கும். சவர்க்காரத் தூளும் உப்பும் சேர்ந்து பிடித்திருக்கும். அதன் மேல் சுடுதண்ணீர் ஒரு கேத்தல் ஊற்றி ஊறவிட்டு, தட்டின் ஓட்டைகளில் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு தங்கூசி நூலைக் கோத்து, இருபக்கமும் ஒரே அளவாக நேர் மேலே இழுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்புளியால் நெம்பினால் தட்டின் விளிம்பு உடையும். கீழே கழுவித் துடைத்தபின் திருகாணியைப் போடுமுன் அதில் கொஞ்சம் கிறீஸ் தடவிவிடுங்கள், அடுத்த தடவை நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

இரண்டு தொட்டி வைத்த மெஷினில் பிழிகிற பக்கத்தில்தான் காலுறையும் கைக்குட்டையும் விளிம்பால் நழுவி வெளியே விழும். பிழிகிற கூடைக்கும் அதன் தொட்டிக்கும் நடுவில் எட்டிப் பார்த்து, கொக்கிக் கம்பியால் எடுங்கள். துணியின் மேலே வைக்கிற அந்தப் பிளாஸ்டிக் தட்டை ஒழுங்காக வைத்தால் விழாது, அவ்வளவுதான்.

எல்லாம் பூட்டியபிறகு துணி போடாமல் ஒரு தடவை ஓட்டுங்கள். பிளக் போடுமுன் கையையும் தரையையும் துடையுங்கள். தூள் போடும் பெட்டியால் இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றி, ஃபில்டர் மூடியடியில் கசிவு இருக்கிறதா முதலில் பாருங்கள். பிறகு மெஷினுக்கடியில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்துவிட்டு, அலசிப் பிழிகிற சுற்றை மட்டும் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேளுங்கள். தாளில் ஈரம் எந்த இடத்தில் ஊறியிருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் சரியாகப் பூட்டவில்லை. தாள் காய்ந்திருந்து, சத்தமும் இல்லை என்றால் விரிப்புகளைப் போடலாம்.